நண்பருக்கு ஓர் உருவப்படம்: ஜாடை தப்பாமல் வரைவது எப்படி

பரிசாகக் கொடுக்கும் உருவப்படத்துக்கு ஒரே ஒரு பரீட்சைதான். அறைக்குள் நுழைகிறவர் பத்தடி தள்ளி நின்று பார்த்ததுமே இது இன்னார் என்று சொல்லிவிட வேண்டும். நன்கு பழகிய ஒருவர் தெருக்கோடியில் வரும்போதே நாம் கண்டுகொள்கிறோம். அவ்வளவு தூரத்தில் இமைமுடியோ உதட்டு வரியோ தெரியாது. தலையின் வடிவம், நெற்றியில் முடி தொடங்கும் கோடு, கழுத்து சாயும் விதம், கண்குழியிலும் தாடைக்குக் கீழும் விழும் நிழல் ஆகியவைதான் தெரியும். ஜாடை இவற்றில்தான் இருக்கிறது. வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் ஆரம்பித்து, அதிலேயே மூன்று மணி நேரம் செலவழித்து, கடைசியில் அழகான கண்கள் உள்ள வேறு யாரையோ வரைந்து முடிக்கிறார்கள். பெரிய வடிவங்கள் முதலில், கண் கடைசியில் என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

இங்கே சொல்வது அக்ரிலிக் வண்ணத்துக்கு. மெல்லிய பூச்சு பத்து முதல் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், பிழையை மேலே பூசியே திருத்தலாம், குறித்த நாளுக்குள் முடிக்கலாம். ஆயில் வண்ணம் தோலை வரைய இன்னும் இணக்கமானதுதான். ஆனால் முழுக்கக் காய்ந்து வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம், அதனால் தேதி நெருங்கிய பரிசுக்கு ஒத்துவராது. அக்ரிலிக் என்றாலும் மூன்று வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை அவ்வளவு இல்லை, ஆனால் நடுநடுவே படத்தைப் பார்க்காமல் தள்ளி வைக்கும் நாட்கள் அவசியம்.

போட்டோவில்தான் பாதி வேலை

மோசமான போட்டோவிலிருந்து நல்ல உருவப்படம் வரைவது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். ஃபிளாஷ் போட்டு நேருக்கு நேர் எடுத்த படத்தில் முகத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லையென்றால் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, கன்னம் எங்கே திரும்புகிறது என்று சொல்ல வண்ணத்துக்கு வழியில்லை. ஒரே ஜன்னலிலிருந்து, பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கொஞ்சம் மேலிருந்து வரும் வெளிச்சம் சிறந்தது. இன்னும் பக்கவாட்டில் போனால், நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய ஒளி முக்கோணம் தோன்றும். போட்டோகிராபர்கள் அதை ரெம்ப்ராண்ட் ஒளி என்கிறார்கள். ஆண்களின் முகத்துக்கும் வயதானவர்களின் முகத்துக்கும் அது நல்ல கனம் தரும்.

தூரமும் முக்கியம். கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போயிருக்கும். அதை அப்படியே வரைந்தால், அளவெல்லாம் சரியாக இருந்தும் ஆள் சரியாக வரமாட்டார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். முகத்தை வழவழப்பாக்கும் அழகு ஃபில்டரை அணைத்துவிடுங்கள். நீங்கள் வரையப்போகும் தளங்களை, அதாவது முகத்தின் மேடு பள்ளங்களைத்தான் அது முதலில் அழிக்கிறது. இன்னொன்று: சில போன்கள் செல்ஃபியை இட வலம் மாற்றிச் சேமிக்கும். வகிடும் மச்சமும் எந்தப் பக்கம் என்று வேறொரு படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரகசியமாகப் பரிசளிக்க நினைத்தால் புதிதாக எடுக்க முடியாமல் போகலாம். அப்போது அவரே விரும்பி வைத்திருக்கும் முகப்புப் படங்களைக் கவனியுங்கள். தன் முகம் எந்தக் கோணத்தில் தனக்குப் பிடிக்கிறது என்பதை அவர் அதில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். வரைய ஒன்றை எடுத்துக்கொண்டு, நிறத்துக்கும் முடிக்கும் இன்னும் இரண்டு மூன்றைத் துணைக்கு வையுங்கள். பல் தெரியச் சிரிக்கும் படத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மூடிய உதட்டில் தொடங்கும் புன்னகை வரையவும் எளிது, சுவரில் நெடுநாள் பார்த்தாலும் அலுக்காது.

அளவும் பொருள்களும்

12 × 16 அங்குல கேன்வாஸ் போதும். வளர்ந்தவரின் தலை உச்சியிலிருந்து முகவாய் வரை சுமார் 9 அங்குலம் இருக்கும். படத்தில் அதை ஆறரை அல்லது ஏழு அங்குலமாக வையுங்கள். நிஜ அளவை விடக் கொஞ்சம் பெரிதாகப் போனாலே முகம் பூதாகரமாகத் தெரியும். ரொம்பச் சிறிதானால், தலை நான்கு அங்குலத்துக்குக் கீழே போனால், கண்ணின் ஒரு மில்லிமீட்டர் பிசகுகூடப் பார்வையையே மாற்றிவிடும். கண்கள் கேன்வாஸின் நடுக்கோட்டுக்கு மேலே வரட்டும், முகம் பார்க்கும் பக்கம் சற்று அதிக இடம் விடுங்கள்.

கடையில் வாங்கும் கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசியிருந்தாலும், முகத்துக்கு அதன் சொரசொரப்பு அதிகம். இன்னும் இரண்டு கோட் ஜெஸ்ஸோ குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைத் துணியால் தடவிவிடுங்கள். வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகத் தெரியும், அதனால் பயந்து பயந்து வெளிறிய நிறமாகவே கலப்போம். நடுத்தரப் பழுப்புத் தளம் அந்தப் பயத்தைப் போக்கும்.

வண்ணங்கள் ஏழு: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஆக்கர், காட்மியம் ரெட் லைட், அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் ப்ளூ. 'தோல் நிறம்' என்று விற்கும் டியூப் வேண்டாம். எந்த மனிதரின் தோலும் ஒரே நிறத்தில் இல்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் வண்ணத் தொகுப்பில் வெள்ளை, எல்லோ ஆக்கர், சிவப்பு, கறுப்பு என்று நான்கே வண்ணங்கள். நிறத்தை விட வெளிர், அடர் அளவுகளே முகத்தைத் தாங்கி நிற்கின்றன என்பதற்கு அது போதிய சாட்சி.

பிரஷ்களில் செயற்கை முடி கொண்டவை அக்ரிலிக்குக்கு ஏற்றவை. ஒரு அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, முனை அரைவட்டமான ஃபில்பர்ட் வகையில் 8, 6, 4 எண்கள், நுணுக்கத்துக்கு 2ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. முக்கால்வாசி வேலை ஃபில்பர்ட்டில்தான் நடக்க வேண்டும். வண்ணம் கலக்கும் பாலெட்டுக்கு ஒரு தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பரை விரித்து, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பரை வையுங்கள். கலந்த வண்ணம் நாள் முழுக்கக் காயாமல் இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் எடுக்கலாம். தோல் நிறத்தை மீண்டும் அதே மாதிரி கலப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது ஒருமுறை செய்தவர்களுக்குத் தெரியும்.

கட்டம் போட்டு வரைதல்

கைக்கணக்கில் வரைவதே உயர்ந்தது என்று நினைக்கத் தேவையில்லை. பரிசு என்று வந்துவிட்டால் கட்டம் போடுவதே புத்திசாலித்தனம். போட்டோவை 3:4 விகிதத்தில் வெட்டி, 6 × 8 அங்குலத்தில் பிரின்ட் எடுங்கள். அதில் ஒரு அங்குலக் கட்டங்கள், கேன்வாஸில் இரண்டு அங்குலக் கட்டங்கள் போட்டால் இரண்டிலும் 48 கட்டங்கள் வரும். முகம் விழும் கட்டங்களை மட்டும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோடு கட்டத்தின் ஓரத்தை எங்கே வெட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள். 'இது மூக்கு' என்று மனம் நினைத்ததுமே கை தனக்குத் தெரிந்த மூக்கை வரையத் தொடங்கிவிடும்.

கரிப் பென்சில் நல்லது. சாதாரணப் பென்சில் கோடு வெளிர் நிறங்களில் கலந்து சாம்பல் அழுக்காகிவிடும். வரைந்து முடித்ததும் தூளைத் துணியால் தட்டிவிட்டு, தண்ணீர் கலந்த அக்ரிலிக் மீடியத்தை (நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) ஒரு கோட் கொடுத்துக் கோட்டை நிலைநிறுத்துங்கள்.

நேராகப் பார்க்கும் முகத்துக்குப் பொதுவான அளவுகள் சில உண்டு. கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். முக அகலம் சுமார் ஐந்து கண் அகலம். இரு கண்களுக்கும் இடையில் ஒரு கண் அகலம். மூக்கின் அடி புருவத்துக்கும் முகவாய்க்கும் பாதியில். உதடுகள் சேரும் கோடு மூக்கடியிலிருந்து முகவாய் வரையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில். காது புருவத்திலிருந்து மூக்கடி வரை. இவற்றை அப்படியே வரையச் சொல்லவில்லை, உங்கள் நண்பர் இவற்றிலிருந்து எங்கே விலகுகிறார் என்று அளந்து பார்க்கத்தான். நெற்றி உயரமா, கண்கள் நெருக்கமா, மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடைவெளி குறைவா? அந்த விலகல்களில் பெரிய மூன்றை ஒரு காகிதத்தில் எழுதி, கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டத்தில் ஒட்டிவையுங்கள். வரைய வரைய கை சராசரியை நோக்கியே இழுக்கும். ஒரு புருவம் உயர்ந்திருந்தால் உயர்ந்தே இருக்கட்டும், வாய் ஒரு பக்கம் இழுத்தால் இழுக்கட்டும். இரு பக்கமும் சமமாக்கப்பட்ட முகம் பொம்மை முகம்.

முதலில் இரண்டே டோன்

கண்ணைச் சுருக்கிக்கொண்டு போட்டோவைப் பாருங்கள். முகம் வெளிச்சம், நிழல் என்று இரண்டு டோனாக, அதாவது வெளிர், அடர் என்ற இரண்டு அளவுகளாகப் பிரியும். பர்ன்ட் அம்பரைத் தண்ணீரிலும் மீடியத்திலும் கரைத்து, நிழல் பகுதி முழுவதையும் ஒரே சீராகப் பூசுங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மேலுதடு, கீழுதட்டின் அடி, தாடைக்குக் கீழ், கழுத்து, முடி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கறையாக வரும். கண்மணி எங்கே, இமை எங்கே என்று தேடாதீர்கள். பூசியதும் பத்தடி பின்னே போய்ப் பாருங்கள். இந்த இரண்டு டோனிலேயே நண்பரின் ஜாடை அரைகுறையாகவேனும் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் வண்ணத்துக்குப் போகவே கூடாது. இப்போது ஒரு நிழலின் ஓரத்தை மூன்று மில்லிமீட்டர் நகர்த்த ஒரு நிமிடம் போதும். வண்ணம் ஏறியபின் அதையே செய்ய ஒரு நாள் ஆகும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது, அதைக் கடைசிவரை மீற வேண்டாம்: நிழலுக்குள் இருக்கும் மிக வெளிர்ந்த இடமும், வெளிச்சத்தில் இருக்கும் மிக அடர்ந்த இடத்தை விட அடர்ந்தே இருக்க வேண்டும். தாடைக்கடியில் சட்டையிலிருந்து மீளும் ஒளி பளிச்சென்று தெரிகிறதே என்று அதை வெளிர்த்தி வரைந்தால் முகத்தின் உருட்சி அங்கேயே உடைந்துவிடும்.

தோல் நிறம்

மூன்று குவியல்களை முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர மாநிறத்துக்குத் தொடக்க அளவு இப்படி:

வெளிச்சப் பகுதிக்கு எல்லோ ஆக்கர் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா 1, வெள்ளை 2, காட்மியம் ரெட் நுனியளவு.

நடு டோனுக்கு பர்ன்ட் சியன்னா 2, எல்லோ ஆக்கர் 2, வெள்ளை 1, அல்ட்ராமரைன் நுனியளவு.

நிழலுக்கு பர்ன்ட் அம்பர் 2, அலிசரின் 1, அல்ட்ராமரைன் அரைப் பங்கு. இதில் வெள்ளை கிடையாது.

வெளுத்த தோலென்றால் வெள்ளை நான்கு பங்கு, ஆக்கர் ஒன்று, சிவப்பு அரை என்று தொடங்கலாம். கறுத்த தோலுக்கு பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் மூன்றுமே அடித்தளம். அங்கே ஒளிபடும் மேடுகளில் மஞ்சளை விட நீலச் சாயலே அதிகம் இருக்கும், ஜன்னல் வழி வரும் வானத்து வெளிச்சம் கறுத்த தோலில் அப்படித்தான் பிரதிபலிக்கிறது. இதை விட்டுவிட்டு, வெள்ளை சேர்த்து வெளிர்த்தினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். நண்பரின் நிறத்தை ஒரு படி வெளுப்பாக்கினால் மகிழ்வார் என்ற எண்ணமே வேண்டாம். நிறம் மாறினால் ஜாடையும் போகும், அதை விட அது அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

எந்தத் தோலானாலும் வெள்ளை சேரச் சேர நிறம் குளிர்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகும். அதை மீட்க ஆக்கரும் துளி சிவப்பும் சேர்க்க வேண்டும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு மாற்று அடர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தில் சற்று வெளிர்ந்ததாகத் தெரிவதே காய்ந்தபின் சரியாக வரும். ஒரு காகிதத் துண்டில் தீற்றிக் காயவிட்டு, பிரின்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முகத்தில் மூன்று பட்டைகள் உண்டு. நெற்றியில் மஞ்சள் சாயல் கூடுதல். கன்னம், மூக்கு நுனி, காது ஆகியவற்றில் இரத்த ஓட்டம் அதிகமென்பதால் சிவப்பு. வாய்க்குக் கீழே, குறிப்பாகத் தாடி மழித்த ஆண்களுக்கு, நீலமும் சாம்பலும். போட்டோ இதை மங்கலாகத்தான் காட்டும். ஒரு துளி கூட்டியே வையுங்கள், முகத்தில் உயிர் தெரியும்.

குவியல்களை வைத்து 8ஆம் எண் பிரஷ்ஷால் பெரிய தளங்களாகப் பூசிக்கொண்டே போங்கள். நெற்றி ஒரு தளம், அது நெற்றிப்பொட்டுக்குத் திரும்பும் இடம் இன்னொரு தளம். தளங்கள் சேரும் ஓரத்தை மென்மையாக்க, அக்ரிலிக்கில் தேய்த்துக்கொண்டே இருப்பது பலிக்காது. பாதி காய்ந்த வண்ணம் பிய்ந்து திட்டுத்திட்டாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைநிறம் கலந்து அந்த ஓரத்தில் வையுங்கள், அல்லது காய்ந்தபின் மீடியத்தில் கரைத்த மெல்லிய பூச்சை மேலே ஓட்டுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவம் உதவும், ஆனால் பாட்டிலில் சொன்ன அளவைத் தாண்டினால் பூச்சு பிசுபிசுவென்று காயாமல் நிற்கும்.

கண், மூக்கு, வாய்

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. அது குழிக்குள் இருக்கும் உருண்டை, மேலிமையின் நிழலும் அதன்மேல் விழுகிறது. பக்கத்துத் தோலின் நடு டோனோடு கொஞ்சம் வெள்ளையும் நீலமும் சேர்த்தாலே போதும். டியூப் வெள்ளையை அங்கே வைத்தால் நண்பர் திடுக்கிட்டு விழிப்பதைப்போல் ஆவார். கருவிழியின் மேல்பகுதியை இமை சற்று மறைக்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தாலும் அதே திடுக்கிடல்தான். கீழிமைக்குக் கருப்புக் கோடு போடாதீர்கள், அதன் விளிம்பு ஈரமான, வெளிர்ந்த ஒரு தட்டு. ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், ஒரே தொடுகையில், எல்லாம் முடிந்த பிறகு.

மூக்குக்குப் பக்கக் கோடு கிடையாது. நிழல் பக்கத்தின் தளமும் அடியில் விழும் நிழலும் சேர்ந்தே மூக்கு. நாசித் துளையைக் கறுப்பால் அடைத்தால் ஓட்டை மாதிரி தெரியும். பர்ன்ட் அம்பரும் அலிசரினும் கலந்த வெதுவெதுப்பான அடர்நிறம் அங்கே பொருந்தும்.

வாயில்தான் படங்கள் அதிகம் கெடுகின்றன, அதனால் இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி மேலிருந்து வருவதால் மேலுதடு அடர்ந்தும் கீழுதடு வெளிர்ந்தும் இருக்கும். உதட்டைச் சுற்றிக் கோடு இழுக்காமல், தோலும் உதடும் கலக்கும் இடங்களைக் கலக்கவே விடுங்கள். உதடுகள் சேரும் கோடு ஒரே கனத்தில் ஓடாது, நடுவிலும் மூலைகளிலும் அழுத்தமாகவும் மற்ற இடத்தில் மறைந்தும் போகும். புன்னகை குடியிருப்பது வாய் மூலையில். மோனலிசாவில் லியனார்டோ வாய் மூலையையும் கண் மூலையையும் புகைபோல மங்கலாக்கி விட்டதால்தான் அந்த முகபாவம் பார்க்கப் பார்க்க மாறுகிறது. மூலையைக் கூர்மையாக முடித்தால் புன்னகை உறைந்துபோகும். பல் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பல்வரிசையை ஒரே வடிவமாக, சாம்பல் கலந்த மஞ்சள் வெள்ளையில் பூசி, முன்பற்கள் இரண்டில் மட்டும் வெளிச்சம் காட்டுங்கள். பல்லுக்குப் பல் கோடு போட்டால் சீப்புதான் மிஞ்சும்.

மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு ஒருவருக்குப் பத்து வயது கூட்டிவிடும். அதைக் கோடாகக் காட்டாமல், ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் கரைந்தும் போகும் டோன் மாற்றமாகக் காட்டுங்கள். மச்சம், தழும்பு, நரை எல்லாம் அவருடையவை. அன்று காலை முளைத்த பருவை விட்டுவிடலாம்.

முடியை இழை இழையாக வரையாதீர்கள். அடர்ந்த ஒரே உருவாகப் பூசி, ஒளிபடும் பட்டையை ஏற்றி, ஓரத்தில் ஏழெட்டு இழைகளை மட்டும் பிரித்து விட்டால் போதும். நெற்றியில் முடி தொடங்கும் ஓரம் கூராக இருந்தால் விக் மாட்டியதாகத் தெரியும், அங்கே தோல் நிறமும் முடி நிறமும் கலந்த இடைநிறம் தேவை. கண்ணாடி அணிபவரென்றால் முகம் முழுக்க முடிந்தபின் சட்டத்தை வரையுங்கள். சட்டத்தின் கோடு அங்கங்கே விட்டுப்போகட்டும். லென்ஸில் பளபளப்பு ஒரு கீற்று போதும். பின்னணிக்குச் சட்டை நிறமும் நிழல் நிறமும் கலந்த மங்கலான ஒரு நிறம், முகத்தின் வெளிச்சப் பக்கம் அடர்ந்தும் நிழல் பக்கம் வெளிர்ந்தும்.

ஜாடை தப்பினால்

எங்கோ தப்பு, எங்கே என்று தெரியவில்லை என்ற நிலை எல்லாருக்கும் வரும். அப்போது கண்ணையும் வாயையும் நோண்டாதீர்கள். படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பிறகு படத்தையும் பிரின்ட்டையும் தலைகீழாக வைத்துப் பாருங்கள். படத்தைப் போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, மூலப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகப்படும் வரிசை இதுவே: தலையின் மொத்த வடிவம், கண்ணிலிருந்து வாய்க்குள்ள தூரம், இரு கண்களின் சாய்வு, நிழலின் ஓரம், கடைசியாக உறுப்புகள். முக்கால்வாசித் தப்பு முதல் இரண்டிலேயே கிடைத்துவிடும். இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்தால் மீதியும் தெரியும். நண்பரை அறிந்த இன்னொருவரிடம் காட்டும்போது, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், யார் என்று மட்டும் கேளுங்கள்.

வார்னிஷ், கட்டுதல், மாட்டுதல்

மெல்லிய பூச்சுகளென்றால் ஒரு வாரம், கனமாகப் பூசியிருந்தால் இரண்டு வாரம் காயவிடுங்கள். தூசியில்லாத அறையில் படத்தைப் படுக்க வைத்து, அகலப் பிரஷ்ஷால் மிதமாகப் பளபளக்கும் சாட்டின் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள், இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்காக. முழுப் பளபளப்பு வார்னிஷ் ஜன்னலைப் பிரதிபலித்து முகத்தை மறைக்கும். பூசிய இடத்துக்கு மீண்டும் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் குமிழியும் வெண்மூட்டமும் வரும்.

படத்தின் பின்புறம் அவர் பெயர், உங்கள் பெயர், ஆண்டு, 'அக்ரிலிக், கேன்வாஸ்' என்று சட்டத்தின் மரத்தில் எழுதுங்கள். துணியின் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இரு பக்கமும் டி வளையம் திருகி, சற்றுத் தொய்வாகக் கம்பி கட்டிக் கொடுத்தால் அவர் அன்றே மாட்டிவிடலாம்.

கட்டும்போது வண்ணத்தின்மேல் பிளாஸ்டிக்கை நேராக வைக்கவே கூடாது. அக்ரிலிக் வெப்பத்தில் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், குமிழி உறையின் வட்டங்கள் முகத்தில் பதிந்துவிடும். முதலில் வழவழப்பான கிளாசின் தாள் அல்லது பேக்கிங் பேப்பர், நான்கு மூலைக்கும் அட்டை, அதன்மேல் குமிழி உறை, குமிழிகள் வெளிப்புறம் பார்த்தபடி. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைக்காதீர்கள். நேர் வெயில் விழாத சுவரில், பார்ப்பவரின் கண் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். தூசி படிந்தால் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், ஈரத்துணியோ துப்புரவு திரவமோ தேவையில்லை.